ஐந்து நிமிடமாக இருந்தாலும் தினமும்: அன்றாட வாழ்க்கைக்குள்ளேயே விசுவாசத்தில் வளர ஒரு வழிகாட்டி

கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற புதிதில் எல்லோருக்கும் ஒரு வேகம் இருக்கும். பல வருடம் கோயில் பக்கமே எட்டிப்பார்க்காமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்கும் அதே வேகம்தான். எனக்கும் இருந்தது. ஒரு தவக்காலத் தொடக்கத்தில் கட்டம் போட்டு அட்டவணை எழுதி அறைக்கதவின் உட்புறம் ஒட்டினேன். அதிகாலை நாலரைக்கு எழுவது, இருபது மறைபொருளும் (இயேசு, மரியா வாழ்விலிருந்து தியானிக்கும் நிகழ்வுகள்) சேர்த்து முழு செபமாலை, தினமும் மூன்று அதிகாரம் விவிலியம், தினப்பூசை, வெள்ளிதோறும் முழு நோன்பு, கோபப்படாமல் இருப்பது. அந்தக் கடைசி விஷயத்துக்கும் ஒரு கட்டம் வைத்திருந்தேன், டிக் அடிக்க. ஒன்பதாம் நாள் அலாரம் அடித்தது தெரியாமல் தூங்கிவிட்டேன். எழுந்ததும், ஏன் எழுப்பவில்லை என்று வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். மறுநாள் அட்டவணையைக் கிழித்துப் போட்டேன்.

செபத்துக்காகப் போட்ட அட்டவணையால் வீட்டில் சண்டை வந்தது. எங்கே பிசகினேன் என்று புரிய ரொம்ப நாளாயிற்று. வாழ்க்கை ஒரு பக்கம், பக்தி இன்னொரு பக்கம் என்று வைத்துக்கொண்டு, ஒன்றிடமிருந்து நேரத்தைப் பிடுங்கி மற்றொன்றுக்குக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

புனிதம் என்பது குருக்களுக்கும் கன்னியர்களுக்கும் உரியது, நமக்கு ஞாயிறு பூசை போதும் என்ற எண்ணம் பலருக்கு உள்ளூர இருக்கிறது. திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21 அன்று வெளியிட்ட, திருச்சபையைப் பற்றிய ஏட்டின் ஐந்தாம் அதிகாரம் முழுவதும் இதைத்தான் பேசுகிறது: எந்த நிலையில் வாழ்பவரும் புனித வாழ்வுக்கு அழைக்கப்பட்டவரே. 2015 அக்டோபரில் ஒரு கணவனையும் மனைவியையும் சேர்த்தே புனிதராக அறிவித்தார்கள். லூயி மார்ட்டின் கடிகாரக் கடை நடத்தியவர், மனைவி செலி சரிகைப் பின்னல் தொழில் செய்தவர். ஒன்பது பிள்ளைகள் பிறந்து, நான்கு பேரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர்கள். கணக்கு வழக்கு, வேலையாட்கள், காய்ச்சலில் கிடக்கும் குழந்தை, இதற்கு நடுவில்தான் அவர்கள் புனிதரானார்கள்.

ஜெனீவாவின் ஆயராக இருந்த பிரான்சிஸ் சலேசியார் இதை 400 வருடங்களுக்கு முன்பே சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். ஓர் ஆயர் தனிமைத் துறவியைப் போலக் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன ஆகும்? பிள்ளைகுட்டி உள்ளவர் நாளைக்கு என்று எதையும் சேர்த்து வைக்கமாட்டேன் என்றால்? ஒரு கைத்தொழிலாளி நாள் முழுவதும் கோயிலிலேயே உட்கார்ந்துவிட்டால்? அது பக்தியே அல்ல என்கிறார். அவரவர் நிலைக்கேற்ற பக்தி என்று ஒன்று உண்டு. என் நாலரை மணி அட்டவணை ஒரு மடத்துக்குப் பொருந்தியிருக்கும், பாவம்.

படி 1: உங்கள் நாளை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில், நேற்று எழுந்ததிலிருந்து படுத்தது வரை என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதுங்கள். எப்படி நடந்திருக்க வேண்டும் என்பதை எழுதாதீர்கள். எழுதிய பிறகு இரண்டு விஷயத்தைத் தேடுங்கள்.

ஒன்று, செய்தே ஆக வேண்டிய கடமைகள். வேலை, படிப்பு, குழந்தை, முதியோர், வீட்டு வேலை. இவை செபத்துக்கு இடைஞ்சல் அல்ல, உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் களம். இவற்றை ஒழுங்காகச் செய்வதுதான் முதல் பக்தி முயற்சி.

இன்னொன்று, தினமும் தவறாமல் வரும் ஒரு கணம். எழுந்து முகம் கழுவியதும், பேருந்தில் உட்கார்ந்ததும், எல்லோரும் கிளம்பிப் போன பிறகு வீடு சத்தம் அடங்குகிற நேரம், இப்படி ஏதாவது ஒன்று. உங்கள் ஐந்து நிமிட செபத்தை அதோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். நேரம் கிடைக்கும்போது செபிக்கலாம் என்று விட்டால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. இடமும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு மாதத்தில் அந்த நாற்காலியைப் பார்த்தாலே மனம் தானாக அடங்கும்.

படி 2: காலை ஐந்து நிமிடம்

சிலுவை அடையாளத்தை மெதுவாக வரையுங்கள். நம்மில் பலர் அதை ஈ விரட்டுவதுபோல் போடுகிறோம். பிறகு அன்றைய நாளை ஒப்புக்கொடுங்கள். அச்சிட்ட காலைச் செபம் இருந்தால் அதைச் சொல்லலாம், இல்லையென்றால் உங்கள் சொற்களே போதும்: "ஆண்டவரே, இன்றைக்குப் பத்து மணிக்கு அந்தக் கூட்டம் இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. அதையும் உமக்குத் தருகிறேன்." நாளின் கஷ்டமான ஒன்றைப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுப்பது முக்கியம். பொதுவாக "எல்லாவற்றையும்" என்று சொன்னால் பத்து மணிக்கு அது நினைவுக்கு வராது.

அப்புறம் அன்றைய திருப்பலியின் (பூசையின்) நற்செய்தி வாசகத்தைப் படியுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்ற குழப்பம் இதில் இல்லை, உலகமெங்கும் அன்று வாசிக்கப்படும் பகுதி அது. ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடச் சுழற்சியில் வருகின்றன: ஒரு வருடம் மத்தேயு, அடுத்தது மாற்கு, அதற்கடுத்தது லூக்கா. யோவானைப் பெரும்பாலும் பாஸ்கா காலத்தில், அதாவது உயிர்ப்புப் பெருவிழாவைத் தொடரும் வாரங்களில், கேட்கிறோம்.

படிக்க ஒரு பழைய முறை உண்டு. 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசிய சபைத் துறவி இரண்டாம் கீகோ அதை நான்கு படிகளாக எழுதி வைத்தார்: வாசித்தல், அசைபோடுதல், மன்றாடுதல், அமைதியில் இருத்தல். பேர்தான் பெரிதாக இருக்கிறது, செய்வது எளிது. பார்வையற்ற பர்த்திமேயு வழியோரம் உட்கார்ந்திருக்கும் பகுதியை (மாற்கு 10:46-52) எடுத்துக்கொள்வோம். முதல் வாசிப்பில் கதை தெரியும். இரண்டாம் வாசிப்பில் ஏதோ ஒரு சொல் சட்டையைப் பிடித்து நிறுத்தும். எனக்கு ஒருமுறை அது மேலுடை. இயேசு கூப்பிடுகிறார் என்றதும் அவர் மேலுடையை எறிந்துவிட்டுத் துள்ளி எழுகிறார். வழியோரம் பிச்சை கேட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் துணி எவ்வளவு பெரிய சொத்து! நான் எதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்ற கேள்வி வந்தது. அதைப் பற்றி இரண்டு வாக்கியம் இயேசுவிடம் பேசினேன். கொஞ்சம் சும்மா இருந்தேன். ஐந்து நிமிடம் முடிந்தது. எல்லா நாளும் இப்படி வாய்க்காது. பாதி நாள் வாசகம் வெறும் வாசகமாகவே நின்றுவிடும். அதனால் ஒன்றும் இல்லை.

படி 3: இரவு ஐந்து நிமிடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்ம சோதனை என்பார்கள். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் இதற்கு ஐந்து கட்டம் கொடுத்தார்: நன்றி சொல்வது, பாவங்களை அறிய அருள் கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்தத் தீர்மானிப்பது. நன்றி முதலில் வருவதைக் கவனியுங்கள். பெரும்பாலோர் அதைத் தாண்டிக் குதித்து நேராகக் குற்றப்பட்டியலுக்குப் போகிறோம், அப்புறம் மனம் சோர்ந்து ஒரே வாரத்தில் விட்டுவிடுகிறோம்.

என் ஒரு நாளைக் காட்டுகிறேன். நன்றிக்கு வந்தது, மதியம் ஒருவர் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவ்வளவுதான், அன்றைக்கு வேறு பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு நாளைக் காலையிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். பதினொன்றரை மணி வாக்கில், கூட வேலை செய்கிறவர் ஒரே சந்தேகத்தை மூன்றாவது முறையாகக் கேட்டார். பதில் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, கடுஞ்சொல் இல்லை. ஆனால் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவர் "சரி, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனது அப்போது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. இரவுதான் விழுந்தது. மன்னிப்புக் கேட்டேன். மறுநாளுக்கான தீர்மானம்: யாராவது பேச வந்தால் நாற்காலியைத் திருப்பிக்கொள்வது.

தீர்மானம் இந்த அளவில்தான் இருக்க வேண்டும். "இனி அன்பாக இருப்பேன்" என்பதை மறுநாள் சோதித்துப் பார்க்க முடியாது. நாற்காலியைத் திருப்பினோமா இல்லையா என்பதைப் பார்க்கலாம்.

படி 4: ஞாயிறு திருப்பலி

ஞாயிறும் கடன் திருநாள்களும் திருப்பலியில் பங்கேற்பது கடமை என்பது தெரிந்ததே. அதை வளர்ச்சியாக மாற்ற மூன்று சின்னப் பழக்கம் போதும். சனி இரவே வாசகங்களை ஒருமுறை படித்துவிடுங்கள், மறுநாள் காது தானாக நிமிரும். பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். காணிக்கை நேரத்தில் அப்பமும் திராட்சை இரசமும் பீடத்துக்குப் போகும்போது, அந்த வாரத்தின் ஒரு வேலையை, ஒரு கவலையை, ஓர் ஆளை மனதால் அந்தத் தட்டில் வையுங்கள். காலையில் தினமும் ஒப்புக்கொடுப்பதெல்லாம் போய்ச் சேரும் இடம் அதுதான்.

நற்கருணை (திருப்பலியில் பெறும் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் உணவும் பானமும் கூடாது, தண்ணீரும் மருந்தும் தடையில்லை. சாவான பாவம் (தெரிந்தே, முழு மனதோடு செய்த கனமான பாவம்) மனதை உறுத்தினால் முதலில் ஒப்புரவு அருள்சாதனம், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம். இன்னும் திருமுழுக்குப் பெறாமல் தயாரிப்பில் இருக்கிறீர்களா? நற்கருணைக்கும் ஒப்புரவுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கும், இங்கே சொல்லும் மற்ற எல்லாவற்றையும் இன்றே தொடங்கலாம்.

படி 5: பாவசங்கீர்த்தனம்

புதியவர்கள் அதிகம் பயப்படும் இடம் இது. பெரியவர்களாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: திருமுழுக்குக்கு முந்திய பாவங்கள் எல்லாம் அந்தத் தண்ணீரோடு போயின. அதன் பிறகு செய்ததை மட்டும் சொன்னால் போதும்.

கனமான பாவங்களை வருடத்துக்கு ஒருமுறையாவது அறிக்கையிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் அது குறைந்தபட்சம். மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்பது என் யோசனை. இரவு ஆன்ம சோதனை செய்கிறவருக்கு அங்கே என்ன சொல்வதென்ற திண்டாட்டம் இருக்காது.

போகும்போது கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று தொடங்குங்கள். முறை தெரியவில்லை என்றால் "எனக்கு இது புதிது, சொல்லிக்கொடுங்கள், ஃபாதர்" என்றே சொல்லலாம், அந்த வாக்கியத்தைக் கேட்டு முகம் சுளித்த குருவை நான் பார்த்ததில்லை. கனமான பாவம் என்றால் என்ன பாவம், ஏறக்குறைய எத்தனை முறை என்று சொல்லுங்கள். பின்னணிக் கதை வேண்டாம். என் முதல் சில பாவசங்கீர்த்தனங்களில் பாதி நேரம் மற்றவர்களின் பாவத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்: அவர் அப்படிப் பேசியதால்தான் நான் இப்படிப் பேசினேன் என்று. ஒரு வயதான குரு குறுக்கிட்டு, "அவரும் வரட்டும், அவருடையதை அவரே சொல்லட்டும்" என்றார். அன்றிலிருந்து வாக்கியம் சுருங்கிவிட்டது.

வெளியே சொல்லிவிடுவாரோ என்ற பயமே வேண்டாம். ஒப்புரவின் இரகசியத்தை நேரடியாக உடைக்கும் குரு, சட்டப்படி அந்தக் கணமே திருச்சபையின் ஒன்றிப்பிலிருந்து விலக்கப்படுகிறார். முகம் தெரிய வேண்டாம் என்றால் திரைக்குப் பின்னால் இருந்து பேசலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு எல்லாமே பாவமாகத் தெரியும். சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள், மன்னிப்பு கிடைத்ததா என்று இரவெல்லாம் குமைவார்கள். அப்படியென்றால் குரு மாற்றி குருவிடம் போகாமல் ஒரே ஒருவரிடம் போய், இந்தப் பிரச்சினையையே சொல்லி, அவர் சொல்வதைக் கேளுங்கள். தாங்க முடியாத அளவுக்குப் போனால் மனநல மருத்துவரையும் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

படி 6: கூட இருக்கிறவர்கள்

காலையில் ஒப்புக்கொடுத்ததும் இரவில் சோதித்துப் பார்ப்பதும் எதை? நடுவில் வரும் மனிதர்களோடு நாம் எப்படி இருந்தோம் என்பதைத்தான். திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் புனித வாழ்வு பற்றி எழுதிய மடலில் ஒரு பெண்ணைக் காட்டுகிறார். சந்தைக்குப் போகிறாள், தெரிந்தவளைப் பார்க்கிறாள், பேச்சு மெல்லப் புறணியாகத் திரும்புகிறது. யாரைப் பற்றியும் தப்பாகப் பேசமாட்டேன் என்று மனதுக்குள் முடிவெடுக்கிறாள். வீட்டுக்கு வந்தால் பிள்ளைக்குப் பேச வேண்டும், இவளுக்கோ அசதி. உட்கார்ந்து கேட்கிறாள். புனிதத்தில் இவையெல்லாம் ஒவ்வோர் அடி என்கிறார். இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது.

சிறுமலர் தெரேசா 15 வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்து 24 வயதில் காசநோயில் இறந்தவர். பெரிதாக எதையும் சாதிக்கவில்லை என்றே உடனிருந்தவர்களில் சிலர் நினைத்தார்கள். 1997இல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக, அதாவது எல்லோருக்கும் போதிக்கும் ஆசிரியராக, அறிவித்தார்கள். அவர் எழுதி வைத்தவற்றில் ஒரு காட்சி: துணி துவைக்கும் இடத்தில் எதிரே நிற்கும் சகோதரி கைக்குட்டைகளைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அழுக்குத் தண்ணீர் இவர் முகத்தில் தெறிக்கிறது. பின்வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டால் அந்தச் சகோதரிக்கு உறைக்கும். அதுதான் முதலில் தோன்றுகிறது. ஆனால் துடைக்காமல் அப்படியே வேலையைத் தொடர்கிறார். பிறர் தரும் தொல்லையைப் பொறுமையோடு தாங்குவது திருச்சபை எண்ணும் ஏழு ஆன்ம இரக்கச் செயல்களில் ஒன்று. தெறிக்கும் தண்ணீருக்கு எல்லாம் இது பொருந்தும். அடிக்கும் கைக்குப் பொருந்தாது. வன்முறையைச் சகித்துக்கொண்டிருப்பது புனிதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உதவி தேடுங்கள்.

வீட்டில் நீங்கள் மட்டும்தான் கத்தோலிக்கர் என்றால், தொடக்கத்தில் கொஞ்சம் குறைவாகப் பேசுங்கள். விசுவாசத்தை விளக்கிச் சொல்லும் ஆசை தொண்டை வரை வரும். அந்த நேரத்தில் பாத்திரம் கழுவிவிடலாம்.

படி 7: மெதுவாகச் சேர்க்க வேண்டியவை

மேலே சொன்னவை இரண்டு மூன்று மாதம் ஓடட்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். செபமாலை என்றால் முதலில் ஒரு பத்துமணி (மாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதி) போதும், ஒரு மறைபொருளை மனதில் வைத்து. திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறைபொருள்கள் 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தவை. வெள்ளி தவ நாள் என்பதால் அன்று ஒரு சின்ன ஒறுத்தல், மற்றவர்களுக்குத் தெரியாததாக இருந்தால் நல்லது. வேலைக்கு நடுவே "இயேசுவே, இரங்கும்" போன்ற ஒரு வரிச் செபம், முக்கியமாகக் கைப்பேசியைக் கையில் எடுக்கும் முன்.

படிப்பதற்கு, 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு. நம்பிக்கை அறிக்கை, அருள்சாதனங்கள், கிறிஸ்தவ வாழ்வு, செபம் என்று நான்கு பகுதி, மொத்தம் 2,865 பத்தி. செபம் பற்றிய நான்காம் பகுதியிலிருந்து தொடங்குங்கள், அதுதான் சிறியது, சுவையும் அதிகம். தினம் இரண்டு பத்திக்கு மேல் வேண்டாம். முடிந்தால் ஆன்ம வழிகாட்டியாக ஒருவரையும் தேடுங்கள், குருவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

வறண்டு போகும்போது

போகும். தொடக்கத்தின் இனிப்பு சில மாதத்தில் தீர்ந்துவிடும், ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடமாக நீளும். நாம்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று தோன்றும். செபத்தைப் பற்றி எழுதியதற்காகவே மறைவல்லுநராகப் போற்றப்படும் அவிலா தெரேசா (மேலே சொன்ன சிறுமலர் அல்ல, 16ஆம் நூற்றாண்டின் ஸ்பெயின் துறவி), சில வருடங்கள் செபத்தில் உட்கார்ந்துகொண்டு மணி எப்போது அடிக்கும் என்றே காதைத் தீட்டிக்கொண்டிருந்ததாக ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். எழுந்து போகவில்லை, அவ்வளவுதான். வறட்சியில் நேரத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் செய்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். மறுநாளின் ஐந்து நிமிடத்தை மட்டும் செய்யுங்கள்.

என் அறைக்கதவில் இப்போது எந்த அட்டவணையும் இல்லை, பழைய பசை நாடாவின் நான்கு தடம் மட்டும் இருக்கிறது. காலையில் ஐந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம், மாதத்துக்கு ஒருமுறை அந்தத் திரைக்குப் பின்னால். நேற்று இரவு நன்றி சொல்லும் கட்டத்திலேயே தூங்கிவிட்டேன். இன்று காலைச் செபத்தை அங்கிருந்தே தொடங்கினேன்.